பூ கேட்பதும் இஸ்திகாரா தொழுவதும்

வரன் கூடிவரும் நேரத்தில், ஜாதகம் பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து, தாய்மாமன் ஒன்று சொல்ல அத்தை வேறொன்று சொல்லிக் குழம்பிய பிறகு, வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, "எதுக்கும் ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்பார். அடுத்த நாள் காலையில் குலதெய்வக் கோயில். அதே குழப்பம் ஒரு முஸ்லிம் வீட்டில் வந்தால், "இஸ்திகாரா தொழுதுட்டு முடிவு பண்ணுவோம்" என்று பேச்சு நிற்கும். மனிதர் யோசனை தீர்ந்த இடத்தில் இரண்டு வீட்டாரும் ஆண்டவனிடம் போகிறார்கள். போய்க் கேட்பதுதான் வெவ்வேறு.

பூக்கட்டிப் பார்ப்பதில் பரபரப்பு உண்டு. வெள்ளைப் பூ ஒன்று, செவ்வரளி ஒன்று; தனித்தனியே இலையிலோ தாளிலோ ஒரே அளவில் மடித்து, வெளியே நிறம் தெரியாதபடி கட்டுகிறார்கள். சில ஊர்களில் பூவுக்குப் பதில் திருநீறும் குங்குமமும். எது வந்தால் சம்மதம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாமி காலடியில் வைத்துத் தீபாராதனை காட்டியபின் பூசாரியோ விவரம் அறியாத ஒரு குழந்தையோ ஒன்றை எடுக்கும். பிரிக்கிற அந்தச் சில நொடி யாரும் மூச்சுவிடுவதில்லை.

காங்கேயம் அருகே சிவன்மலையில் இது ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. முருகன் கனவில் வந்து ஒரு பொருளைக் குறிப்பிட்டதாகப் பக்தர் யாராவது வந்து சொன்னால், அதையும் உடனே ஏற்பதில்லை. சாமியிடம் பூ கேட்டு, உத்தரவு கிடைத்தால்தான் அந்தப் பொருள், ஊரே பார்க்கும் கோயில் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். கனவுக்கே பூவின் கையெழுத்து வேண்டியிருக்கிறது!

குழந்தையின் கை என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வரும். சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில் அந்த ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையிலும் ஓலையை எடுத்தவன் ஒன்றும் அறியாத சிறுவன்தான். ஆனால் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதை முதலில் இறுக்கிக் கட்டுகிறது: கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது. சலித்தெடுக்கும் வேலை மனிதருடையது. கடைசி எடுப்பு மட்டும் சிறுவனுடையது. பூப் பொட்டலத்திலும் நடப்பது இதுவே. "இந்த வரனா, வேண்டாமா" என்று கேள்வி சுருங்குவதற்குள் சொந்தபந்தம் பத்து வரனைத் தள்ளியிருக்கும். தள்ளிய பத்தைப் பற்றி அம்மனிடம் யாரும் கேட்கவில்லை.

இஸ்திகாராவில் எடுக்கவோ பிரிக்கவோ எதுவும் இல்லை. நபிகள் நாயகம் எல்லாக் காரியங்களிலும் இதைத் தங்களுக்குக் கற்றுத்தந்ததாக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழுது, பிறகு ஒரு துஆ, அதாவது வேண்டுதல். எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டு, இந்தக் காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் கூட்டிவை, கெட்டதென்றால் அதை என்னிடமிருந்தும் என்னை அதிலிருந்தும் திருப்பிவிடு, நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு ஆக்கி, அதில் என் மனம் பொருந்தச் செய் என்பது அதன் கருத்து. பதில் கேட்கவே இல்லை. நடப்பதைச் சரிசெய்யத்தான் கேட்கிறது. கனவு வரும், பச்சையோ வெள்ளையோ கண்டால் நல்லது என்பதெல்லாம் மக்கள் வழக்கம். அந்த ஹதீஸில் கனவைப் பற்றிப் பேச்சே கிடையாது. அம்புகளைக் கொண்டு குறிபார்ப்பதைக் குர்ஆன் ஐந்தாம் அத்தியாயம் தடுத்திருப்பதை நினைத்தால், உடனடி விடைக்கு இங்கே இடமில்லாமல் போனது புரியும். மனித ஆலோசனையும் விலக்கல்ல. கலந்தாலோசி, உறுதிகொண்டபின் இறைவன்மேல் பொறுப்பைச் சாட்டு என்கிற வரிசை மூன்றாம் அத்தியாயத்தின் 159ஆம் வசனத்தில் உண்டு. ஜமாஅத்தில் மஷூரா, அதாவது கலந்தாலோசனை, செய்வது அதன் நடைமுறை.

எனக்கு இஸ்திகாராவின் அமைப்பு பிடித்திருக்கிறது. ஆனால் பூவுக்கு ஒரு பலம் உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. அது ஊரறிய நடக்கிறது. பங்காளிகள் இருவர் மல்லுக்கு நிற்கும் விஷயத்தில் பூ வந்துவிட்டால் தோற்றவருக்கும் அவமானமில்லை, ஜெயித்தவரும் மார்தட்ட முடியாது. இஸ்திகாரா மனத்துக்குள் நடப்பது, சாட்சி இல்லாதது. "தொழுதேன், மனசு ஒப்பலை" என்று சொல்லி ஒரு சம்பந்தத்தை நோகாமல் தவிர்க்கலாம்; உண்மையிலேயே தொழுதாரா என்று யார் கேட்பது?

காரியம் கெட்டுப்போகும்போதுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. பூ கொடுத்த கல்யாணம் கசந்தால், "அம்மன் உத்தரவு குடுத்தும் இப்படி ஆச்சே" என்று குறை தேடும் படலம் தொடங்கும்: பொட்டலம் கட்டியவர் சுத்தமாக இருந்தாரா, நேர்த்திக்கடன் பாக்கியா என்று குறி சொல்லும் கோடாங்கி வரை போகும். இஸ்திகாரா தொழுதவருக்கு அந்த வழக்கு எழாது. வாக்கே கொடுக்கப்படவில்லை என்பதால் மீறப்பட்டது என்று சொல்லவும் வழியில்லை.

யார் கேட்பது என்பதிலும் அந்த துஆ கறாரானது. வாசகம் முழுக்க 'நான்', 'எனக்கு' என்றே போகிறது. காரியம் யாருடையதோ அவரே தொழ வேண்டும் என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் பலர் சொல்வது அதனால்தான். அப்படியும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் "எம்பொண்ணுக்காக நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று நிற்கும் தகப்பன்மார் உண்டு. கோயிலில் பொட்டலத்தைக் கட்டுகிறவரும் பெரும்பாலும் தகப்பனோ பெரியப்பாவோதான். கல்யாணப் பெண் பின்வரிசையில், தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெள்ளை வந்தால் சம்மதம் என்று பேசி வைத்தபோது அவளிடம் கேட்டிருந்தால், சில வீடுகளில் பூப் பறிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.