மலையேறிய பீப்பாய்: நீலகிரியும் பீரின் வரலாறும்

பீர் என்றவுடன் நம்மில் பலருக்கும் ஐரோப்பாதான் நினைவுக்கு வரும். ஜெர்மானியரின் திருவிழாக்கள், ஆங்கிலேயரின் பழைய விடுதிகள், நுரை ததும்பும் கண்ணாடிக் கோப்பைகள். அரிசி உண்ணும் நமக்கும் பீருக்கும் உறவேதும் இல்லை, வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சரக்குகளுள் அதுவும் ஒன்று என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் பாதிதான் உண்மை. மறுபாதியை நீலகிரி மலையில் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மதுவைப் போற்றுவதும் தூற்றுவதும் நம் வேலையன்று. கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியில் எழுதுகிறோம் என்ற நினைவு நமக்கு உண்டு. ஆயினும் ஒரு சமூகம் எதை உண்டது என்பதைப் போலவே, எதைக் குடித்தது, அதை யார் ஆக்கினார்கள், யார் அதற்கு வரி வாங்கினார்கள் என்பனவும் வரலாறே.

முதலில் பீர் என்பது என்ன என்று தெளிந்துகொள்வோம். திராட்சையும் பனங்கள்ளும் தம்முள்ளேயே சர்க்கரையைக் கொண்டவை. விட்டுவைத்தால் தாமாகவே புளித்து மதுவாகிவிடும். தானியம் அப்படியன்று. அதிலிருப்பது மாவுச்சத்து. அது சர்க்கரையாக மாறினால்தான் ஈஸ்ட் அதை உண்டு மதுவாக்கும். மாவைச் சர்க்கரையாக்கும் எளிய வழி தானியத்தை நனைத்து முளைகட்டுவது. முளைவிடும் விதை தன் குருத்துக்கு உணவூட்டத் தன் மாவைத் தானே கரைத்துக்கொள்கிறது. அந்த முளையை உலர்த்தி, இடித்து, வெந்நீரில் கலந்து புளிக்கவைத்தால் பீர். பார்லிதான் வேண்டும் என்பதில்லை. நெல்லும் சோளமும் கேழ்வரகும் போதும்.

ஆகவே தானியம் விளைந்த இடமெல்லாம் இப்பானம் பிறந்திருக்கிறது. சீனத்தின் ஜியாகூவில் கி.மு. 7000 அளவிலான பானைகளில் அரிசியும் தேனும் பழமும் கலந்து புளித்த பானத்தின் எச்சங்கள் கிடைத்துள்ளன. ஈரானின் கோடின் தெபேயில் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த பானையொன்றில் பார்லி பீர் விட்டுச்சென்ற படிவு காணப்பட்டது. சுமேரியர் பீருக்கென்று நின்காசி என்னும் பெண்தெய்வத்தையே வைத்திருந்தனர். கி.மு. 1800 அளவில் எழுதப்பட்ட அத்தெய்வத்தின் துதிப்பாடல் ஏறக்குறைய ஒரு செய்முறைக் குறிப்பாகவும் அமைந்திருக்கிறது. எகிப்தில் கட்டடத் தொழிலாளருக்கு ரொட்டியும் பீருமே கூலி. இந்தியாவிலும் நாகாலாந்தின் அங்காமி மக்கள் முளைகட்டிய நெல்லைக்கொண்டு ஜூத்தோ என்னும் பானத்தை இன்றும் ஆக்குகின்றனர்.

இவ்வரிசையில் தமிழுக்கு இடமுண்டா? உண்டு. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் சற்றே நின்று கடக்கும் பகுதி ஒன்றுண்டு. வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறையைப் புலவர் படிப்படியாகச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குவர். அதை வாயகன்ற தட்டில் ஆற விடுவர். புற்றினுள் இருக்கும் குரும்பியைப் போன்ற தோற்றமுடைய நல்லடையை அதில் கலப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், வலிய வாயையுடைய சாடியில் முற்றவிட்டு, வெந்நீர் சேர்த்து அரித்தெடுப்பர். நல்லடை என்பதை நெல்முளையை இடித்துச் சேர்த்தது என்று உரைவழிப் பொருள் கொள்வர். அவ்வாறாயின் இது சந்தேகத்துக்கு இடமற்ற அரிசி பீர். அதே நூலில் வீட்டிலேயே ஆக்கிய நெற்கள்ளுக்குத் தோப்பி என்ற தனிப்பெயரும் வருகிறது. வடசென்னைக் கடற்கரைக் குப்பங்களில் பேச்சில் வழங்கிய சுண்டக்கஞ்சியும் சோற்றைப் புளிக்கவைத்த பானமே. ஈராயிரம் ஆண்டு இடைவெளியை ஒரே தாவலில் தாண்டி இரண்டையும் முடிச்சுப் போடுவது ஆய்வு ஆகாது. ஆனால் தானியத்திலிருந்து மது ஆக்கும் அறிவு தமிழ்நிலத்துக்கு அந்நியமன்று என்பதை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம்.

நிற்க. ஐரோப்பியர் இப்பானத்தில் செய்த பெரிய மாற்றம் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்தது. கசப்பும் மணமும் தருவதோடு, பானம் விரைவில் கெடாமலும் அது காக்கும். வீட்டிற்குள் பெண்கள் அன்றன்றைக்கு ஆக்கிவந்த பீர், பீப்பாயில் ஏறித் தொலைதூரம் செல்லும் வணிகப் பொருளானதில் ஹாப்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரின் ஹாட்சனின் பீர் கப்பலேறி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியா வந்தது. ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்த்த அவ்வகை பின்னாளில் 'இந்தியா பேல் ஏல்' என்றே பெயர்பெற்றது.

மாதக்கணக்கில் கடலில் வரும் பானம் விலை மிகுந்தது. இங்கேயே ஆக்கலாம் என்றால் சமவெளியின் வெப்பம் தடை. வெப்பம் மிகுந்தால் ஈஸ்ட் வேண்டாத சுவைகளைத் தரும். புளிப்பாக்கும் நுண்ணுயிரிகளும் உடன் பெருகும். நுண்ணுயிரியல் விளக்கத்தைப் பாஸ்டர் தம் பீர் ஆய்வுநூலில் 1876-ஆம் ஆண்டில்தான் வெளியிட்டார். ஆனால் பீர் காய்ச்சுவோர் குளிரின் அருமையை அனுபவத்தால் அதற்கு முன்பே அறிந்திருந்தனர். எனவே அவர்கள் மலையேறினர். இமயமலைச் சரிவில் கசௌலி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் மர்ரி, இலங்கையில் 1881-இல் நுவரெலியா என்று பிரித்தானியரின் பீர் ஆலைகள் குளிர்ந்த மலைகளிலேயே தோன்றின. தெற்கில் அவர்களுக்கு வாய்த்த குளிர்மலை நீலகிரி.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறியதும், உதகமண்டலம் உருவானதும் பலரும் அறிந்த செய்தி. பீரின் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது வெலிங்டன். குன்னூருக்கு அருகே ஜெகதளா என்னும் படகர் ஊரின் பெயரால் வழங்கிய இடத்தில் 1852-இல் படைவீடுகள் கட்டத் தொடங்கினர். காசில் என்னும் பெயருடைய பீர் ஆலை நீலகிரியில் 1857-இல் தோன்றியது. வடக்கே சிப்பாய்கள் எழுந்த அதே ஆண்டு. எழுச்சி அடங்கியபின் இந்தியாவில் ஆங்கிலச் சிப்பாய்களின் எண்ணிக்கை கூடியது. அவர்கள் கடைத்தெருச் சாராயத்தைக் குடித்து நோயில் விழுவது படைத்தலைமைக்குப் பெருந்தலைவலி. அதற்கு மாற்றாகப் படைவீட்டுக் கான்டீனில் பீர் வழங்குவதை அவர்கள் ஒழுங்காகவும் மருந்தாகவும் கண்டனர். பெரிய பீப்பாய்களில் அடைத்த பீர் மாட்டுவண்டிகளில் ஏறிப் படைகள் இருந்த ஊர்களுக்குச் சென்றது. குன்னூருக்கு மலைரயில் வந்தது 1899-இல்தான்.

ஆலைக்குக் குளிர் கிடைத்தது, தெளிந்த நீர் கிடைத்தது. ஹாப்ஸ் கிடைக்கவில்லை. கோடையில் நீண்ட பகல் இருந்தால்தான் அக்கொடி நன்றாகப் பூக்கும். ஆண்டு முழுதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாயுள்ள நம் மலையில் அது இயல்பாகச் செழிக்காது. ஆகவே அது கடல் கடந்துதான் வரவேண்டியிருந்தது. பார்லி மட்டும் ஆங்கிலேயர் வருமுன்பே மலையில் விளைந்துகொண்டிருந்தது. படகர்கள் ராகி, சாமை, கொறலி ஆகியவற்றுடன் பார்லியையும் பயிரிட்டனர். அவர்கள் மொழியில் அதற்குக் கஞ்செ என்று பெயர். மாவாக்கி உண்பதற்காக விளைந்த அத்தானியம் பீர் ஆலைகளின் பீப்பாய்க்கும் சென்றது. பீப்பாயின்மேல் இருந்த பெயரோ காசில்.

இதே காலத்தில் சட்டம் வேறொரு வேலையைச் செய்தது. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மது ஆக்குவதையும் விற்பதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. உரிமமின்றித் தன் தேவைக்கு ஆக்கிக்கொள்பவர் குற்றவாளி. உரிமம் பெற்று ஆலை நடத்துபவர் தொழிலதிபர். இரு தரப்பினரும் செய்வது அடிப்படையில் ஒன்றே, தானியத்தையோ சாற்றையோ புளிக்கவைப்பது. ஒன்று கணக்குக்கு உட்பட்டது, மற்றது கணக்குக்கு வெளியே நின்றது. வேற்றுமை பானத்தில் இல்லை, பேரேட்டில் இருந்தது.

மலையின் தனிச்சிறப்பும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஜெர்மனியின் லிண்டே 1870-களில் உருவாக்கிய குளிரூட்டும் இயந்திரமும், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஹான்சன் 1883-இல் தனித்து வளர்த்த தூய ஈஸ்ட்டும் பீரை மலையிலிருந்து விடுவித்தன. குளிரை இயந்திரம் தருமென்றால் பீப்பாயைச் சுமந்து மலையிறங்குவானேன்? தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் நீலகிரியிலும் பெங்களூரிலும் இருந்த ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை அமைத்தார். அவற்றுள் மூத்தது காசில். 1947-இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார். பின்னாளில் கிங்ஃபிஷர் என்ற பெயரால் ஊரறிந்த அந்நிறுவனம் 2021-இல் நெதர்லாந்தின் ஹைனகன் வசம் சென்றது. இன்று அதன் முகவரி பெங்களூர். அதன் வயதை 1857 முதல் கணக்கிடுவோர்கூட அவ்வாண்டு ஒரு மலைக்குரியது என்பதை நினைப்பதில்லை.

மலையிலும் தடயம் மறைந்துவிட்டது. உதகையிலிருந்து பைக்காராப் பக்கம் செல்லும் வழியில் பிரிந்தால் வரும் கிளென்மார்கனை எடுத்துக்கொள்வோம். 'கிளென்' என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஸ்காட்லாந்துச் சொல். அருகே தோடர் மந்துகள், எதிரே தேயிலை, நீர்த்தேக்கம், சிங்காரா மின்நிலையத்துக்குச் சரிவில் இறங்கும் விஞ்ச் பாதை. இத்தனையும் கண்ணில் படும். ஒரு பார்லிக் கதிர் படாது. மலையின் மற்ற சரிவுகளிலும் இதே நிலைதான். தானிய நிலங்களை முதலில் உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டது. 1961-இல் அதில் பொன்னிற நூற்புழு கண்டறியப்பட்டபின் விவசாயிகள் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறினர். கஞ்செ விளைந்த மேட்டில் இன்று பசுந்தேயிலையின் விலையைப் பற்றிய கவலை விளைகிறது.

அதன்பின் வந்த அரசியலை வாசகர்கள் அறிவார்கள். 1937-இல் சேலத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் அது தளர்ந்தது, பின் மீண்டும் இறுகியது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. கள் இறக்குவதற்கு 1987 முதல் தடை. ஆலையில் ஆன பீர் அரசுக் கடையில் கிடைக்கும். பனையேறி இறக்கிய கள் வழக்குக்கு உள்ளாகும். கள் நல்லதா பீர் நல்லதா என்பதன்று நம் கேள்வி. குடியால் அழிந்த குடும்பங்களுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் எது தொழில், எது குற்றம் என்று பிரிக்கும் கோட்டை 1886-இல் யார், எதற்காகப் போட்டார்கள் என்பதை மறந்துவிட்டு இன்றைய விவாதத்தை நடத்த முடியாது.

வலைஞர் சாடியைப் பாட்டில் ஏற்றிவைக்க ஒரு புலவர் இருந்தார். ஆகவே அவர்கள் எப்படி ஆக்கினார்கள் என்பது ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் நமக்குத் தெரிகிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் தம் பார்லியை ஆலைக்குத் தந்த படகர் என்ன விலை பெற்றார், அதற்காக எந்தப் பயிரைக் குறைத்தார், அந்தப் பானத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்பதைச் சொல்ல அப்படி ஒரு பாட்டு வேண்டும். படகர் வீட்டு முதியோரின் நினைவில் கஞ்செ என்ற சொல் இன்னும் இருக்கிறது. அங்குள்ள நண்பர்கள் யாரேனும் காலம் தாழ்த்தாமல் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.