சக்கர நாற்காலியில் டென்னிஸ்

விளையாட்டின் வரலாறு என்றால் வென்றவர்களின் பெயர் வரிசை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது வரலாற்றின் ஒரு பகுதிதான். ஆடுகளத்தின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைத்திருந்தது, அடைத்த கதவை யார் எவ்வாறு திறந்தார்கள் என்பது அதனினும் பெரிய பகுதி. டென்னிஸ் ஆட்டத்தில் அத்தகைய கதவு ஒன்று 1976ஆம் ஆண்டில் திறந்தது. அவ்வழியே நுழைந்தவர்களுள் நானும் ஒருவன். ஆதலால் அக்கதையை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, முதுகுத் தண்டு முறிந்தவர் நெடுநாள் உயிர் வாழ்வதே அரிது. அந்நிலையை மாற்றிய மருத்துவர்களுள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியிலிருந்து 1939ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த அவர், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இத்தகைய நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். விளையாட்டும் சிகிச்சையின் ஓர் அங்கம் என்பது அவருடைய கொள்கை. 1948 ஜூலை 29ஆம் நாள், லண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், போரில் காயமுற்ற 16 பேர் ஸ்டோக் மாண்டவிலில் வில் ஏந்திப் போட்டியிட்டனர். அந்தச் சிறு போட்டியே வளர்ந்து, 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் கூடிய பெருவிழாவாயிற்று. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட நம் நாட்டு வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க் விழாவின் நீச்சற் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றதும் இவ்வழியில் வந்த சிறப்பேயாகும்.

வில்லும் நீச்சலும் மேசைப் பந்தும் கூடைப் பந்தும் இவ்வாறு திறந்துவிட்டன. டென்னிஸ் மட்டும் அடைத்தே கிடந்தது. காரணம் எளிதில் விளங்கும். டென்னிஸ் களம் 78 அடி நீளமுடையது. தனியர் ஆட்டத்தில் 27 அடி அகலத்தை ஒருவரே காக்க வேண்டும். பந்து ஒரு முறை தரையில் பட்டு எழுந்து, மறுமுறை விழுவதற்குள் அதை அடித்தாக வேண்டும். அக்காலத்துக் கனத்த நாற்காலியில் அமர்ந்து இதைச் செய்வது ஆகாத காரியம் என்றே கருதப்பட்டது.

1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராட் பார்க்ஸ் என்ற 18 வயது இளைஞர் பனிச்சறுக்கில் விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சிகிச்சைக் காலத்தில் ஜெஃப் மின்னிபிரேக்கர் என்பவரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. மின்னிபிரேக்கரும் சக்கர நாற்காலியில் இருந்தவர். தமக்கென எடை குறைந்த நாற்காலி ஒன்றைத் தாமே வடிவமைத்துக் கொண்டு டென்னிஸ் ஆடிப் பார்த்தவர். இவ்விருவரும் கூடி ஆராய்ந்ததன் பயனாகவே இன்றைய ஆட்டம் பிறந்தது.

அவர்கள் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. பந்து இரண்டு முறை தரையில் படலாம் என்றனர். முதல் முறை கோட்டுக்குள் விழ வேண்டும். இரண்டாம் முறை வெளியே விழுந்தாலும் குற்றமில்லை. வலையின் உயரம் அதுவே. களத்தின் அளவும் பந்தும் மட்டையும் புள்ளிக் கணக்கும் அவையே. நாற்காலி ஆடுபவரின் உடலாகவே கருதப்படும். எதிராளி அடித்த பந்து அதன்மீது பட்டால் புள்ளி போயிற்று. களத்தைச் சிறிதாக்கியிருக்கலாம், வலையைத் தாழ்த்தியிருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் நமக்கெனத் தனி ஆட்டம் ஒன்று கிடைத்திருக்கும்; டென்னிஸ் கிடைத்திராது. ஆட்டத்தைக் குறைக்காமல் காலத்தை மட்டும் சற்றே நீட்டியதில்தான் அவர்களுடைய அறிவு விளங்குகிறது.

1977இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் நடந்த முதற் போட்டியில் கலந்துகொண்டவர்கள் ஏறக்குறைய 20 பேர். 1988இல் இவ்வாட்டத்துக்கெனச் சர்வதேசச் சங்கம் அமைந்தது; அவ்வாண்டே சியோல் பாராலிம்பிக் விழாவில் இது காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. 1992இல் பார்சிலோனாவில் பதக்கத்திற்குரிய ஆட்டமாக உயர்ந்தபோது, இரட்டையர் தங்கத்தை ராண்டி ஸ்னோவுடன் சேர்ந்து வென்றவர் அதே பிராட் பார்க்ஸ். 1998இல் அச்சங்கம் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்போடு இணைந்தது. கைகளிலும் வலுக் குறைந்தோர், மட்டையைக் கையோடு பிணைத்துக்கொண்டு ஆடும் பிரிவு 2004இல் ஏதென்சில் சேர்ந்தது. நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கேர் 2003 முதல் 2013இல் ஓய்வு பெறும் வரை தொடர்ந்து 470 தனியர் ஆட்டங்களில் தோல்வி காணாதிருந்தார். விம்பிள்டன் மட்டும் தயங்கியது. புல்தரையில் சக்கரம் உருள்வது கடினம் என்று கருதி, 2005இல் இரட்டையரை மட்டும் அனுமதித்து, 2016இல்தான் தனியர் ஆட்டத்தைச் சேர்த்தது.

இனி, புதிதாக இதில் நுழைபவர் அறிய வேண்டியவற்றை என் அனுபவத்திலிருந்து கூறுகிறேன். நாள்தோறும் சக்கர நாற்காலியில் இருப்பவரே ஆட வேண்டும் என்பதில்லை. காலிழந்தவர், இளம்பிள்ளை வாதத்தால் நடை தளர்ந்தவர் முதலியோரும் ஆடுகின்றனர். முதலில் பயில வேண்டியது மட்டையன்று, சக்கரம். மட்டையைப் பிடித்த கையாலேயே சக்கர வளையத்தைத் தள்ளிப் பழக வேண்டும். நான் முதற் சில வாரங்கள் பந்தையே தொடவில்லை. முன்னும் பின்னும் ஓட்டித் திரும்புவதிலேயே அவை கழிந்தன. நின்றுவிட்ட நாற்காலியை மீண்டும் நகர்த்துவதற்குள் பந்து போய்விடும். ஆகவே அடித்த பிறகும் சக்கரம் ஓய்தல் ஆகாது. பல வேளைகளில் எதிராளிக்கு முதுகைக் காட்டிச் சுழன்று, தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்த்தபடி இடம் பிடிக்க நேரும்.

ஆட்டத்துக்கான நாற்காலியில் சக்கரங்கள் மேலே நெருங்கியும் கீழே அகன்றும் சாய்ந்திருக்கும். அதனால் அது விரைந்து திரும்பும். பின்னே சாய்ந்து கவிழாதபடி சிறு சக்கரம் ஒன்றும் உண்டு. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. மருத்துவமனை நாற்காலியின் பின்புறம் பிறர் பிடித்துத் தள்ளுவதற்கு இரண்டு கைப்பிடிகள் இருக்கும். ஆட்ட நாற்காலியில் அவை இல்லை. அதில் அமர்ந்தவர் எங்கே செல்கிறார் என்பதை அவரன்றி வேறு எவரும் முடிவு செய்ய இயலாது.

சக்கரம் பட்டால் தளம் கெட்டுவிடும் என்று சொல்லி எங்களைத் திருப்பியனுப்பிய சங்கமும் உண்டு. சிமெண்டுத் தளத்திற்கு ரப்பர்ச் சக்கரம் ஒரு தீங்கும் செய்வதில்லை. வேறிடத்தில் இடம் கிடைத்து ஆடத் தொடங்கிய பின், நின்று ஆடும் என் தம்பியையும் அழைத்துக்கொண்டேன். விதிகள் இதற்கு இடம் தருகின்றன. அவனுக்கு ஒரு துள்ளல், எனக்கு இரண்டு. மற்றவை யாவும் சமம். எனக்கு விபத்து நேர்ந்த பிறகு அவன் என்னை எதிர்த்து எதிலும் போட்டியிட்டதில்லை. முதல் நாள் மெதுவாகவே அடித்தான். ஒரு மாதத்தில், என் கைக்கு எட்டாத மூலை பார்த்து முழு வலிமையோடு அடிக்கத் தொடங்கினான். அவ்வாறு அவன் வென்ற புள்ளிகளை நான் நன்றியோடு எண்ணிக்கொண்டேன்.

இரக்கம் வீட்டு வாயில்வரை வந்து நலம் விசாரித்துப் போகும். இந்த விதியோ, களத்துக்குள் அழைத்து, எதிரே நின்று ஆடச் சொல்கிறது. இரண்டாவது துள்ளலுக்குத் தேவைப்படும் காலம் ஒரு நொடிக்குக் கிட்டியதே. நம் ஊர்களில் உள்ள களங்களின் பொறுப்பாளர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவே: வாயிற்படியில் ஒரு சாய்தளம், ஆட்டத்தில் இன்னுமொரு துள்ளல். மற்றவற்றை ஆடுபவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.