தானியப் பையும் தையல் கூலியும்



தையல் பிரிவு சார்பா மலருக்கு ஒரு கட்டுரை வேணும்னு கேட்டாங்க. 2019 ஜனவரி 1-ல் பிளாஸ்டிக் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. அதுக்கப்புறம் துணிப்பைக்குக் கிராக்கி கூடியது உங்களுக்கே தெரியும். இப்போ அரிசி, கம்பு, கேழ்வரகு போட்டு வைக்கிற கனமான பைகளும் கேட்கிறாங்க. “பைதானேம்மா, நாலு தையல் போட்டா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு இவ்வளவு கூலி?” என்று ஒரு வியாபாரி எங்களிடம் கேட்டார். அதுக்கான பதில் தானியப் பையின் வரலாற்றிலேயே இருக்கு.

பீப்பாயிலிருந்து பைக்கு

அமெரிக்காவில் முன்பு கோதுமை மாவை மரப்பீப்பாயில்தான் அடைத்து அனுப்பினாங்க. ஒரு பீப்பாய்க்கு 196 பவுண்டு, அதாவது சுமார் 89 கிலோ. பருத்தித் துணி அங்கே இல்லாமல் இல்லை. ஆனா கைத்தையல் அவ்வளவு பாரத்தைத் தாங்காம விட்டுப்போகும்.

1846-ல் எலியாஸ் ஹோவ் என்பவர் லாக் ஸ்டிச் போடும் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். மேல் நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையல் அது. ஒரு இடத்தில் அறுந்தாலும் மளமளவென்று பிரியாது. இந்த மெஷின்கள் பரவிய பிறகுதான் துணிப்பை மெல்ல மெல்லப் பீப்பாயின் இடத்தைப் பிடித்தது. பைக்கு மாறின பிறகும் பீப்பாய்க் கணக்கு போகல. 98 பவுண்டுப் பை என்றால் அரைப் பீப்பாய், 49 பவுண்டு என்றால் கால் பீப்பாய்.

அரிசி மூட்டையின் வாயைப் பாருங்க. சரியான முனையைப் பிடித்து இழுத்தா, நூல் சரசரவென்று மொத்தமா உருவி வந்துடும். அது சங்கிலித் தையல். திறக்க வேண்டிய வாய்க்கு அது பொருத்தம். பாரம் தாங்க வேண்டிய பக்கத்துக்கும் அடிக்கும் லாக் ஸ்டிச்தான் வேணும்.

காலிப் பையும் வீணாகல

மாவும் தீவனமும் தீர்ந்த பிறகு, அமெரிக்கக் கிராமத்துப் பெண்கள் பையைப் பிரித்து உடை தைச்சாங்க. அச்சடித்த எழுத்து போக, பன்றிக் கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி ஊறவைத்துத் துவைப்பாங்க. பிரித்த நூலையும் சுற்றி வைத்துப் பின்னல் வேலைக்கு எடுத்துக்கொள்வாங்க. இதைக் கவனித்த கம்பெனிகள் 1920-களிலிருந்து பூப்போட்ட துணியிலேயே பை போட ஆரம்பிச்சாங்க. ஒரு பெண்ணுக்கு உடை தைக்கச் சுமார் மூன்று தீவனப் பை வேணும். மூன்றும் ஒரே பூவா இருக்கணும்னு தேடி வாங்கினாங்க. பெண்கள் கேட்டது நடந்ததுக்குக் காரணம், கம்பெனிக்கு அவங்க வாடிக்கையாளர்கள்.

கூலிக்குத் தைத்தவர்கள் கதை

கூலிக்குத் தைத்த பெண்களுக்கு அந்த மரியாதை கிடைக்கல. ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊர் சணல் ஆலைகளுக்குப் பேர் போனது. நம்ம நாட்டின் வங்காளத்துச் சணல்தான் அங்கே கப்பலில் போனது. (இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855-ல் கல்கத்தா பக்கம் ரிஷ்ராவில் வந்தது.) டண்டீ ஆலைகளில் பாதிக்கு மேல் பெண்கள். அதிலும் ஏழைப் பெண்கள் சாக்குக் கட்டுகளை வீட்டுக்குத் தூக்கி வந்து, கோணி ஊசியால் கையாலேயே தைச்சுக் கொடுத்தாங்க. எண்ணிக்கைக்குத்தான் கூலி, அதுவும் மிகக் குறைவு.

1906-ல் டண்டீயில் சணல், ஆளிநார்த் தொழிலாளர் சங்கம் உருவானது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆலைக்குள்ளே பக்கத்தில் பக்கத்தில் நின்றவங்களால கூலி பற்றிக் கூடிப் பேச முடிந்தது. வீட்டில் தனித்தனியா உட்கார்ந்து சாக்கு தைச்சவளுக்கு, பக்கத்துத் தெருக்காரி என்ன கூலி வாங்குறாள்னு கேட்கவே வழி குறைவு.

இதில் நமக்கு என்ன?

நம்மிலும் பாதிப் பேர் வீட்டில்தான் தைக்கிறோம். அதனால மூன்று விஷயத்தைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசணும்னு கேட்டுக்கிறேன்.

ஒன்று, தானியப் பைக்குக் கூலி தனி. மஞ்சப்பைக் கூலிக்கு இதைத் தைக்க முடியாது. பிசிர் உள்ளே போக மடித்து இரண்டு தையல் ஓட்டணும். பாரம் விழும் அடி மூலைகளில் முன்னும் பின்னுமா ஓட்டிக் கெட்டிப்படுத்தணும். நேரமும் நூலும் கூடுதல்.

இரண்டு, ஒரு பையை நிரப்பித் தூக்கிக் காட்டி, அப்புறம் விலை பேசணும்.

மூன்று, எந்தக் குழுவும் தனியா விலை சொல்ல வேண்டாம். ஒரு குழு இரண்டு ரூபாய் குறைத்தா, அடுத்த வாரம் எல்லாருக்கும் அதுதான் கூலி. எல்லாரும் சேர்ந்து ஒரே விலையை முடிவு செய்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.