‘விஷவாயு தாக்கிப் பலி’ என்ற தொடரும் மூச்சுத்திணறலின் அறிவியல் வரலாறும்

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட தொழிலாளர் உயிரிழக்கும்போதெல்லாம் ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்றே செய்திகள் எழுதப்படுகின்றன. அத்தொடரில் கொன்றது வாயு. இறக்கியவர் எவரும் இல்லை. யாரும் எதிர்பாராத விபத்து என்ற தோற்றத்தை அது உருவாக்குகிறது. ஆனால், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உயிருக்கு என்ன நேரும் என்பதை அறிவியல் மூன்றரை நூற்றாண்டுகளாகப் படிப்படியாகக் கண்டறிந்து வந்துள்ளது. அந்த வரலாற்றை அறிந்தால், இம்மரணங்களுக்கு வேறு பெயர் தேவை என்பது நமக்கு விளங்கும்.

1660இல் ராபர்ட் பாயில் காற்றிறைப்பான் கொண்டு செய்த சோதனைகளை வெளியிட்டார். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் கலத்தில் மெழுகுவத்தி அணைந்தது. சிறு உயிரினங்கள் மடிந்தன. காற்றின் ஒரு பகுதி மட்டுமே எரிதலுக்கும் சுவாசத்திற்கும் பயன்படுகிறது என்று 1674இல் ஜான் மேயோ எழுதினார். அந்தப் பகுதியை ஷீலேயும் பிரீஸ்ட்லியும் 1770களில் தனித்தனியே பிரித்தெடுத்தனர். அதற்கு ஆக்சிஜன் எனப் பெயரிட்ட லவாய்சியர், சுவாசமும் ஒருவகை மெதுவான எரிதலே என்று விளக்கினார்.

அடுத்த திருப்பம் வானில் நிகழ்ந்தது. 1875 ஏப்ரலில் ‘ஜெனித்’ என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கும் மேல் சென்றனர். ஆக்சிஜன் செறிந்த காற்றுப் பைகள் கையருகே இருந்தும், அவற்றை எடுக்கக் கை எழவில்லை. இருவர் இறந்தனர். உயிர் தப்பிய திசாந்தியே, அந்த உயரத்தில் துன்பம் எதையும் உணரவில்லை, ஒருவித மகிழ்ச்சியே தோன்றியது என்று பதிவு செய்தார். ஆக்சிஜன் குறைவு வலியின்றி, எச்சரிக்கையின்றி அறிவை மழுங்கச் செய்யும் என்பதற்கு இது சான்றாயிற்று. காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் குறைவதே இத்தகைய மரணத்துக்குக் காரணம் என்று பால் பேர் 1878இல் வெளியிட்ட தம் பெருநூலில் நிறுவினார்.

இவ்வறிவைத் தொழிலாளரின் பணியிடத்திற்குக் கொண்டுவந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிவிபத்துகளுக்குப் பின் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கார்பன் மோனாக்சைடே காரணம் என்று 1896இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். லண்டனை அடுத்த ஈஸ்ட் ஹாமில் கழிவுநீர்த் தொழிலாளர்கள் இறந்ததை ஆராய்ந்து, ஹைட்ரஜன் சல்பைடைக் காரணமாகச் சுட்டினார். அதாவது, சாக்கடை மரணத்தின் வேதியியல் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராயப்பட்டுவிட்டது.

1905இல் ஹால்டேனும் ஜே. ஜி. பிரீஸ்ட்லியும் இன்னொன்றைக் காட்டினர். இயல்பு நிலையில் நம்மை மூச்சுவிடத் தூண்டுவது முதன்மையாகக் கார்பன் டை ஆக்சைடின் அளவே. ஆக்சிஜன் குறைவு அன்று. அக்குறைவை உணரும் நுண்ணுறுப்பும் கழுத்துத் தமனியருகே உண்டு. அதைப் பற்றிய ஆய்வுக்காக ஹேமான்ஸ் 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆயினும் அது தரும் தூண்டல், மயக்கம் வருமுன் ஒருவரை வெளியேறச் செய்யும் என்று நம்ப இயலாது.

பின்னர் ஆய்வு உயிரணுவுக்குள் நுழைந்தது. உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் சுவாச நொதியை விளக்கிய வார்பர்க் 1931இல் நோபல் பரிசு பெற்றார். ஹைட்ரஜன் சல்பைடு முடக்குவது இந்த நொதியைத்தான். ஆக்சிஜன் மாறுபாட்டை உயிரணுக்கள் உணர்ந்து தகவமைவதை விளக்கிய கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகியோருக்கு 2019இல் அப்பரிசு கிடைத்தது. ஆனால் அத்தகவமைப்பு நிகழ மணிக்கணக்கும் நாள்கணக்கும் வேண்டும். மூளைக்கோ சில நிமிடங்களே உள்ளன.

இவ்வனைத்தும் மலக்குழியில் ஒன்றுசேர்கின்றன. மூடிய தொட்டியில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றை வெளியிடுகின்றன. வெளிக்காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 20.9 விழுக்காடு. 19.5 விழுக்காட்டுக்குக் கீழே குறைந்தாலே அது ஆபத்தான சூழல் என்று பணியிடப் பாதுகாப்பு விதிகள் வகைப்படுத்துகின்றன. 6 விழுக்காட்டுக்குக் கீழே சில நிமிடங்களில் மரணம். ஹைட்ரஜன் சல்பைடின் அளவு மிகும்போது முகரும் திறனே செயலிழப்பதால், நாற்றம் இல்லை என்பது பாதுகாப்பின் அடையாளம் ஆகாது. மயங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். ஒரே குழியில் அடுத்தடுத்து இருவர், மூவர் மடிவதன் காரணம் இதுவே.

இந்த ஆபத்தைச் சட்டமும் அறியும். தகுந்த பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அதன் விதிகள் கூறும் கருவிகளில் வாயுவை அளக்கும் கருவியும் ஒன்று. 1993 முதல் சாக்கடையில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது; 2023இல் இத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

எனவே அறியாமை இங்கே காரணமன்று. கைக்கு அடக்கமான ஒரு கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடுவதை, சாதியால் இத்தொழிலுக்குள் தள்ளப்பட்ட மனிதரின் நுரையீரலைக் கொண்டு சோதிக்கிறது இச்சமூகம். அடுத்த முறை ‘விஷவாயு தாக்கி’ என்று படிக்கும்போது நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள் மூன்று: இறக்கியவர் யார்? இறக்கும்முன் காற்று அளக்கப்பட்டதா? முதல் தகவல் அறிக்கையில் யாருடைய பெயர் உள்ளது?