ஆடை உரைக்கும் வரலாறு

திரைப்பட வரலாற்றை ஆராய்வோர் நெறியாளரையும் நடிகரையும் விதந்து பேசுவர். ஆடையமைப்பாளரைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. ஆயினும், வரலாற்றுப் படமொன்றில் அவரும் ஒரு வரலாற்றாசிரியரே என்பதைப் பானு அத்தையாவின் பணி புலப்படுத்துகின்றது.

1929இல் கோலாப்பூரிற் பிறந்த அவர், பம்பாய் ஜே. ஜே. கலைக்கல்லூரியில் ஓவியம் பயின்றவர். மகளிர் சஞ்சிகைகளுக்கு ஆடைச் சித்திரங்கள் வரைந்து வந்த அவர், திரையுலகிற் புகுந்து, 1956இல் வெளியான 'சி.ஐ.டி.'க்கு ஆடையமைத்தார். 1966இல் வெளியான 'ஆம்ரபாலி'யின் ஆடைகளுக்கு அஜந்தா ஓவியங்களைத் துணைக்கொண்டார். ஓவியப் பயிற்சியும் பழமையை ஆராயும் நோக்கும் அவரிடத்து ஒருங்கே அமைந்திருந்தன எனலாம்.

அவரது ஆற்றலுக்கு உரைகல்லாக அமைந்தது, ரிச்சர்ட் அற்றன்பரோ நெறிப்படுத்திய 'காந்தி' (1982) ஆகும். காந்தியடிகளின் வாழ்வில் ஆடை வெறும் அணியன்று. அஃது ஓர் அரசியற் கூற்று. 1893இல் தென்னாபிரிக்காவிற் கால்வைத்தபோது அவர் மேனாட்டு உடையணிந்த வழக்கறிஞர். 1915இல் தாயகம் மீண்டபோது அணிந்திருந்தது கத்தியவார் உடையும் தலைப்பாகையும். அந்நியத் துணியை விலக்குமாறு கூறியபோது, கதர் வாங்கத் தமக்கு வசதியில்லை என ஏழைகள் உரைத்தமை அவர் உள்ளத்தை வருத்தியது. 1921 செப்டெம்பர் 22ஆம் நாள் மதுரையில் அவர் முழங்காலளவு வேட்டிக்கு மாறினார். 1948இல் இறக்கும்வரை அக்கோலமே நிலைத்தது.

இம்மாற்றங்களுள் ஒன்றேனும் காலம் பிறழ்ந்து திரையில் தோன்றுமாயின், தைத்தவரின் கைப்பிழையாக மட்டும் அது அமையாது; வரலாறே பிழைபட உரைக்கப்பட்டதாகிவிடும். காந்தியடிகளைச் சூழ்ந்த மக்கட் கூட்டத்தின் உடைக்கும் இது பொருந்தும். கதர் பரவியமை ஒரு மக்களியக்கம் பரவியமையின் அடையாளமன்றோ?

இராணுவச் சீருடை ஆய்வில் வல்லவரான ஜோன் மொல்லோவுடன் இணைந்து, 1983இல் பானு அத்தையா இப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. எனினும் 2012இல், தமக்குப்பின் அது பேணப்படுமோ என ஐயுற்று, வழங்கிய கழகத்திடமே அதனைப் பாதுகாப்புக்காக ஒப்படைத்தார். 2020இல் அவர் மறைந்தார்.

விருதொன்றுக்கே அந்நிலையெனின், தைத்த ஆடைகளும் வரைந்த சித்திரங்களும் என்னாகும்? ஏடுகளையும் கல்வெட்டுகளையும் காப்பது போன்று இவற்றையும் சான்றுகளாகக் கொண்டு காத்தல் வேண்டும். கலைஞர் மறையினும் அவர்தம் ஆய்வு மறைதலாகாது.