மனித வாழ்வின் நோக்கம்: மெசொப்பொத்தேமிய நோக்கு

யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளின் சமவெளியில் வாழ்ந்த சுமேரியரும் அக்காடியரும், தெய்வங்களுக்கு உழைக்கவே மனிதன் பிறந்தான் என நம்பினர். இதை விரிவாகச் சொல்வது அத்ரகாசிஸ் காவியம். கி.மு. 17ஆம் நூற்றாண்டில், அம்மிசதுகா மன்னன் காலத்தில், மூன்று களிமண் பலகைகளில் எழுதப்பட்ட படி கிடைத்துள்ளது. கதைப்படி, வாய்க்கால் வெட்டிச் சலித்த இகிகி என்னும் இளைய தெய்வங்கள் தம் கருவிகளைத் தீயிலிட்டு, நள்ளிரவில் தெய்வத் தலைவன் என்லிலின் வாசலை முற்றுகையிடுகின்றன. கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் சதையும் குருதியும் களிமண்ணோடு பிசையப்பட்டு மனிதன் உருவாகிறான். மண் சுமக்கும் கூடை அவன் தலைக்கு மாறுகிறது.

இதை வெறும் அடிமைக் கோட்பாடாகக் கொள்வது பிழை. படைப்பிலேயே தெய்வத்தின் குருதி கலந்திருக்கிறது. கூடையோ மன்னர்க்கும் பெருமை: பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள கற்பலகையில் லகாஷ் மன்னன் ஊர்-நன்ஷே அதைத் தலையில் சுமந்து நிற்கிறான்.

மறுமையில் பெரும் பேறு எதையும் இம்மக்கள் எதிர்பார்க்கவில்லை. பாதாளத்தில் இறந்தோர்க்குப் புழுதியே உணவு. எனவேதான் கில்காமேஷ் காவியத்தின் பழைய பாபிலோனியப் பாடத்தில் மதுக்கடைப் பெண் சிதூரி, நல்லுணவு, தூய ஆடை, கைப்பற்றி வரும் குழந்தை, மனைவியின் அணைப்பு இவையே மனிதனுக்கு உரியவை என்கிறாள். பிற்காலச் செம்பதிப்பில் இந்த அறிவுரை இடம்பெறவில்லை.