ஓமும் வினையும்: தீவகப் பேச்சில் ஒட்டு வினாவும் அதன் விடையும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று, "நெடுந்தீவுப் படகு இன்னும் வெளிக்கிடேல்லைத்தானே?" என்று கேட்டால், "ஓம், வெளிக்கிடேல்லை" என்று விடை வரும். ஆங்கிலத்தில் இதே கேள்விக்கு "நோ, இட் ஹாஸின்ட்" என்பதுதான் முறை. தீவகத்துப் பிள்ளைகள் "யெஸ்" என்று தொடங்கிப் புள்ளியை இழப்பது இந்த இடத்தில்தான்.

இதற்கு ஆசிரியர்கள் வழக்கமாகத் தரும் விளக்கம் ராபர்ட் லாடோ 1957இல் வெளியிட்ட 'லிங்குவிஸ்டிக்ஸ் அக்ராஸ் கல்ச்சர்ஸ்' என்ற நூலின் வழி வந்தது. கற்பவர் தாய்மொழியின் வடிவையும் பொருளையும் புதிய மொழிக்குள் கொண்டுபோகிறார், இரண்டும் வேறுபடும் இடத்தில் இடர்ப்படுகிறார் என்பது அவர் கொள்கை. லாடோ தமிழைப் பற்றிப் பேசவில்லை. அதைத் தமிழுக்குப் பொருத்தியவர்கள், தமிழ் கேட்டவரின் கூற்றை ஒத்துக்கொள்ளும் அல்லது மறுக்கும், ஆங்கிலம் செயல் நடந்ததா என்று மட்டும் பார்க்கும், ஆகவே பிழைக்குக் காரணம் 'ஓம்' என்கிறார்கள்.

இதை நான் ஏற்கவில்லை. ஒரு மொழிக்கு விடை சொல்லும் வழி ஒன்றுதான் என்று இந்த விளக்கம் எடுத்துக்கொள்கிறது. தமிழில் வழி இரண்டு. அவற்றுள் வேரூன்றியது 'ஓம்' அன்று, வினைமுற்று. நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது. அவற்றுள் நேர்விடைக்கும் மறைவிடைக்கும் வழிவழியாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள் 'செய்வேன்', 'செய்யேன்' என்பன போன்றவை. உடன்பாட்டைச் சொல்லவும் தனி 'ஆம்' தேவைப்படவில்லை. ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதி யாழ்ப்பாணத்தில் பரப்பிய இலக்கணமும் இதுவே. 'இல்லை' என்பதும் ஆங்கில 'நோ' போன்ற வெறும் இடைச்சொல் அன்று. அது தன்னளவில் ஒரு குறிப்பு வினைமுற்று.

என் வாதத்துக்கு வலுவான சான்று ஒரே ஒரு சொல். மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் வரி வாங்குவோர் பேதுருவிடம், உங்கள் போதகர் வரி கட்டுவதில்லையா என்று எதிர்மறையில் கேட்கிறார்கள். கிரேக்க மூலத்தில் விடை 'ஆம்' என்ற ஒற்றைச் சொல். ஜேம்ஸ் அரசர் பதிப்பிலும் 'யெஸ்'. 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் திருப்புதல் என்னும் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பிலோ பேதுருவின் விடை 'செலுத்துகிறார்' என்றிருக்கிறது. அங்கே 'ஆம்' என்று எழுதியிருந்தால், கட்டுவதில்லை என்று தமிழ்ச் செவி கொண்டிருக்கும். மொழிபெயர்த்தவர்கள் வினையைப் பிடித்துக்கொண்டார்கள், ஐயம் நீங்கிற்று. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இது ஏட்டுத் தமிழ், தீவகப் பேச்சு அன்று. தீவகத்துக் கத்தோலிக்கரின் திருப்புதலும் வேறு.

இனி ஒட்டு வினாவைப் பார்ப்போம். "நீ நயினாதீவுக்குப் போனனியெல்லே?" என்பதில் வரும் 'எல்லே' எங்கிருந்து வந்தது? திருப்பாவையில் வரும் 'எல்லே'யோடு இதை இணைக்க ஆசை எழலாம். ஆனால் அது தோழியை அழைக்கும் விளி, பேச்சைத் தொடங்கும் சொல். நம்முடையது வாக்கியத்தின் கடைசியில் ஒட்டி நிற்பது, அதே இடத்தில் நிற்கும் மலையாள 'அல்லே'க்கு உறவு. அகரம் எகரமானது எப்படி? 'போனனி' என்பதோடு 'அல்லே' சேரும்போது இடையில் யகர உடம்படுமெய் தோன்றுகிறது. யகரத்தை அடுத்த அகரம் எகரமாவது தமிழுக்குப் புதிதன்று. யமன் எமனானான், யந்திரம் எந்திரமாயிற்று. முன்னிலையில் பிறந்த 'யெல்லே' பிறகு "அவர் வந்தவரெல்லே" என்று மற்ற இடங்களுக்கும் பரவியது என்றே கொள்கிறேன். எழுத்துச் சான்று மெலிவு, ஆனால் ஒலியியல் இந்தப் பக்கமே சாய்கிறது.

இந்த 'எல்லே' தோன்றிய காலத்தை வரையறுக்கக் கல்வெட்டு உதவாது. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் கலங்கள் உடைந்தால் யார் பங்கு எவ்வளவு என்று வகுக்கிறது. யானை, குதிரை ஏற்றிய கலமானால் நாலில் ஒன்று பண்டாரத்துக்கு, வாணிபப் பண்டமானால் செம்பாதி. அது அரசாணை. அங்கே கேட்பாரும் இல்லை, விடை சொல்வாரும் இல்லை.

எதிர்மறைக் கேள்விக்கு விடை சொல்வதில் உள்ள இடர் ஆங்கிலத்தாருக்கும் இருந்தது. எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ' என்றும், மற்றவற்றுக்கு 'யே', 'நே' என்றும் அவர்கள் நான்கு சொல் வைத்திருந்தார்கள். 'நே' வர வேண்டிய இடத்தில் 'நோ' எழுதினார் என்று டின்டேலின் விவிலியத்தை 1532இல் தாமஸ் மோர் கண்டித்தார். பின்பு அந்த வேறுபாடு வழக்கொழிந்தது. சுமையெல்லாம் கூட வரும் துணைவினைமேல் விழுந்தது. 'ஐ டிட்', 'ஐ டிடின்ட்' என்பவை நம் 'செய்தேன்', 'செய்யவில்லை' நிற்கும் இடத்திலேயே நிற்கின்றன.

ஆகவே பிழை பிள்ளையின் தாய்மொழியில் இல்லை. 'யெஸ்' என்றால் 'ஓம்', 'நோ' என்றால் 'இல்லை' என்று முதல் நாளே எழுதிப்போட்ட சமன்பாட்டில் இருக்கிறது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர்களை வேண்டிக் கேட்பது இதுதான்: பிள்ளையை முதலில் வினையைச் சொல்லவையுங்கள். 'போனனான்' என்றால் "யெஸ், ஐ டிட்". 'போகேல்லை' என்றால் "நோ, ஐ டிடின்ட்".